கோபுரமும் கொஞ்சம் மங்கலும்

கேள்வி: ஒரு பொருள் மட்டும் பளிச்சென்று, மற்றதெல்லாம் மங்கலாகப் படம் எடுக்கிறார்களே, அதில் ஊர் எங்கே தெரியும்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எடுத்துப் பாருங்கள். அத்தனையும் தெளிவாக விழுந்தால் படத்தில் மிஞ்சுவது பஸ்ஸும் பிளெக்ஸ் போர்டும்தான். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-க்குத் திறந்து, பக்கத்தில் நின்று, பூக்காரர் கையிலிருக்கும் சரத்தில் ஃபோகஸ் வையுங்கள். பின்னால் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் கரைந்து நிற்கும். கரைந்தாலும் யாருக்கும் அடையாளம் தப்பாது. ரொம்ப நெருங்கிக் கோபுரத்தையும் அழித்துவிட்டால், படம் தோவாளைப் பூச்சந்தையாகிவிடும்! (பூ வருவதே அங்கிருந்துதான்.) அப்போது எஃப் 5.6-க்குக் குறுக்குங்கள்.

இரண்டு ஆடுகள் தாடிக்காரர் கன்னத்தில் முட்டும், கோயில் பக்கத்து மேத்தன் மணிக் கடிகாரத்திடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அது உயரத்தில் இருக்கிறது; தூரம் கூடினால் மங்கல் குறையும்.