முதலாளியே, மியூட்டில் இருங்கள்

பங்குதாரர்தான் கம்பெனியின் முதலாளி. வருஷத்தில் ஒரு நாள் அவருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

கொரோனா வந்தது. கூட்டத்தைக் காணொளியில் நடத்திக்கொள்ளலாம் என்று 2020 மே 5-இல் கம்பெனி விவகார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. கொரோனா போய்விட்டது. சலுகை மட்டும் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கி உயிரோடு இருக்கிறது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டார்கள். பங்குதாரர்களான நம் வாய்க்குப் போட்ட பூட்டைக் கழற்றவில்லை.

இயக்குநர்கள் முந்திரி பக்கோடாவோடு ஒரே மேசையில். நாம் தீப்பெட்டி அளவுச் சதுரத்தில். பேச வேண்டுமா? சில நாள் முன்பே பெயர் பதிய வேண்டும். கேள்வியையும் எழுதிக் கொடுத்தால் நல்லதாம். சேர்மன் உரை அரை மணி. நமக்கு மூன்று நிமிடம். "ஹலோ, கேக்குதா சார்?" என்பதிலேயே ஒன்று போய்விடும். "உங்க பக்கம் சிக்னல் சரியில்லை. அடுத்தவர் பேசலாம்." டிவிடெண்ட் ஏன் குறைந்தது என்று கேட்பவருக்குத்தான் சிக்னல் போகிறது. சேர்மனுக்கு வாழ்த்துக் கவிதை வாசிப்பவருக்கு ஒரு நாளும் போனதில்லை.

மண்டபத்தில் கூடிய காலத்தில், டிபன் பாக்கெட்டுக்கு வரும் கூட்டம் என்று நம்மைக் கேலி செய்தார்கள். சிலர் அதற்கும் வந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்துவிட்டால் பிடுங்க நாலு பேர் வேண்டும். இப்போது ஒரு விரல் போதும்.

லட்சக்கணக்கில் பங்குதாரர்கள் உள்ள கம்பெனிக்கும் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, 30 பேர்தான். டவுன் பஸ்ஸில் அதைவிடக் கூட்டம். தீர்மானங்களுக்கான முன்கூட்டிய மின்வாக்குப்பதிவு கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கே முடிந்துவிடும். அதில் வாக்களித்தவர், கூட்டத்தில் எந்த உண்மை வெளிவந்தாலும் வாக்கை மாற்ற முடியாது. விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் பாடம் நடத்துகிறார்கள்.

சிக்னல் ஏன் போகிறது என்று கேட்டால் தொழில்நுட்பக் கோளாறாம். காலாண்டு முடிவு வந்ததும் ஃபண்டு அனலிஸ்டுகளோடு போன் கூட்டம் நடக்கிறதே, அங்கே கோளாறு எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் கேட்டதும் இவர்கள் சொன்னதும் ஐந்து வேலை நாளில் எழுத்தில் வெளிவருகிறது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு மண்டபத்தைத் திறங்கள். வர முடிந்தவர் வரட்டும், முடியாதவர் திரையில் பேசட்டும். இருவருக்கும் ஒரே வரிசை, ஒரே கடிகாரம். அதே கடிகாரத்தைச் சேர்மன் உரைக்கும் வையுங்கள். பக்கோடா உங்களுக்கே இருக்கட்டும். எங்கள் மியூட் பொத்தானை எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.