தூக்குங்க, விடுங்க

எங்கள் வீட்டில் பழம்புடவை வாசலைத் தாண்டாது. பாத்திரக்காரர் எவ்வளவு பெரிய அண்டாவைக் காட்டினாலும் என் மனைவி மசியமாட்டாள். புடவை பரணுக்குப் போகும். பரண் நிறைந்ததும் போர்வையாக இறங்கும். வங்காளத்தில் இதைக் காந்தா என்பார்கள், பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி. என் மாமியார் நகரிக்காரர். அவர் பேசும் தெலுங்கில் பொந்த. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எங்கள் ஊரான திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. பொந்த மட்டும் எந்த எல்லைக் கமிஷன் தீர்ப்புக்கும் கட்டுப்படாமல் கல்யாணச் சீரோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதே வண்டியில் வந்ததுதான் கறுப்பு மிதி மிஷின்.

இந்த மார்கழிக்குப் பேரனும் பேத்தியும் வருகிறார்கள் என்று இரட்டைக் கட்டிலுக்கு ஒரு பொந்த ஆரம்பித்தாள். ஆறு புடவை, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு. மூன்றாம் நாள் ‘டொக்’ என்று ஊசி முறிந்தது. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “கம்ப்யூட்டர் மிஷின் வாங்கிடலாம்” என்றேன். அவளாக எதுவும் கேட்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஆயுள் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். தக்காளி வாங்குவதென்றாலும் நோட்டில் நடுக்கோடு கிழித்து இரண்டு பத்தி போடாமல் வாங்கியதில்லை. இடப்பக்கம் மிதி மிஷின், வலப்பக்கம் கம்ப்யூட்டர். நிரப்ப நிரப்ப ஒரு சங்கடம். ஊசி மேல்நூலோடு இறங்கி ஒரு வளையம் விட, அந்த வளையம் அடிநூலோடு பூட்டிக்கொள்கிறது. 1851இல் சிங்கர் காப்புரிமை வாங்கிய மிஷினிலும் அதுதான், இன்றைக்குத் தொடுதிரை வைத்ததிலும் அதுதான். பழைய மிஷினில் பல்சக்கரமும் தண்டும் செய்யும் வேலையில் கொஞ்சத்தைப் புதியதில் குட்டி மோட்டார்கள் செய்கின்றன. தையலை நினைவில் வைத்துக்கொள்ளும் வீட்டு மிஷினை ஜப்பானின் ஜனோமே நிறுவனம் 1979லேயே கொண்டுவந்துவிட்டதாம். அதாவது நான் நாகரிகம் என்று கண்டுபிடித்ததற்கு நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டது.

இருந்தாலும் காந்தியைத் துணைக்கு இழுத்தேன். 1924இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் (பிற்பாடு திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கியவர்) எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டபோது, காந்தி தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்து அலுப்பதைக் காணப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம்.

“அந்த அன்புதான் எனக்கும்” என்றேன்.

மறுநாள் இன்னும் கொஞ்சம் படித்ததில், சிங்கருக்கு ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் இருந்ததும், பிள்ளைகள் இருபதுக்கு மேல் என்பதும் தெரியவந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதையும் சொன்னேன்.

“அத்தனை பிள்ளைங்களுக்கும் துணி தைக்கணும்னா மிஷின் கண்டுபிடிக்காம என்ன பண்ணுவார்?” என்றாள்.

மின்சார ரயிலேறிச் சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் பாப்ளின் துணியை இரண்டாக மடித்து வைத்தான். மிஷின் பூ போட்டது, இலை போட்டது, வாத்துகள் வரிசையாக நடந்தன. “இருநூறு தையல் இருக்கு சார்” என்றான். நான் வாத்துகளில் விழுந்துவிட்டேன். மனைவி பையிலிருந்து பொந்தயின் மூலை ஒன்றை எடுத்து, “இதுல போடுங்க தம்பி” என்று நீட்டினாள். அடுக்கு ஆறு, இணைப்பு வரும் இடத்தில் இன்னும் அதிகம். மிஷின் நாலு தையல் போட்டு, ‘பீப் பீப்’ என்று முனகி நின்றது. பாரம் மிஞ்சினால் மோட்டார் எரிந்துவிடாமல் தானே நிற்குமாம். நல்ல ஏற்பாடு, எனக்கும் அப்படி ஒன்று வைத்திருக்கலாம்.

பையன் இன்னொரு ரகம் காட்டினான். அது நிற்காமல் தைத்தது. விலையைக் கேட்டதும் நான் நின்றேன்.

திரும்பும்போது அரக்கோணம் வரைக்கும் இருநூறு தையலின் பெருமையை விடாமல் பேசினேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “நம்ம மலைக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நடையா நடக்கறீங்க? பொந்தக்கு வேண்டியது நேர் தையல் ஒண்ணு.” நோட்டில் இதை எந்தப் பத்தியில் எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

அன்றிரவு பழைய மிஷினை நானே சோதிக்க உட்கார்ந்தேன். மிதித்தேன். சக்கரம் பின்னால் ஓடியது. மிதி மிஷின் பின்னால் ஓடினால் அடியில் நூல் குருவிக்கூடு கட்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டைப் பிரிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைத்தெருத் தையல்காரரைக் கூட்டிவந்தேன். வந்தவர் 14ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 18 போட்டார், தளர்ந்த தோல் வாரை வெட்டி இறுக்கினார், துணியை அமுக்கும் காலின் அழுத்தத் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினார், எண்ணெய் விட்டார். ரயில் டிக்கெட்டையும் கடை வாசலில் குடித்த காபியையும் கூட்டினால் வரும் தொகை அவர் கூலியைவிட அதிகம்.

ஆனால் ஊசி மறுபடியும் முறிந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். பொந்தயின் அகலம் 90 அங்குலம், எடை கிட்டத்தட்ட மூன்று கிலோ. வீட்டு மிஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் இடம் 7, 8 அங்குலம். போர்வை தைக்க ஏற்ற பெரிய வீட்டுக் கம்ப்யூட்டர் ரகங்களிலும் அதைவிடச் சில அங்குலம்தான் கூடுதல். பாதிப் பொந்தயைப் பாய்போலச் சுருட்டி அந்தச் சந்துக்குள் நுழைக்க வேண்டும். மீதிப் பாதி மேஜையிலிருந்து தொங்கித் துணியை இழுக்கும், துணி ஊசியை இழுக்கும், டொக். எந்த மிஷின் வாங்கினாலும் இதே கதைதான், யாராவது அந்தப் பாரத்தைத் தாங்கிப் பிடிக்காதவரை.

“என்னங்க, சும்மாதானே இருக்கீங்க?” என்றாள்.

அன்றிலிருந்து நான் மிஷினோடு சேர்ந்த உதிரி பாகம். மின்சாரம் வேண்டாம், காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு இன்னொன்று. எனக்கு இரண்டே கட்டளை: தூக்குங்க, விடுங்க. இரண்டங்குலத்துக்கு ஒரு வரிசை, மொத்தம் 45. நான் கொட்டாவி விட்ட வரிசைகள் சற்று வளைந்திருக்கும். மாமியார் வந்து பார்த்துவிட்டு, “அல்லுடு (மாப்பிள்ளை) பிடிச்ச இடம் தனியா தெரியுது” என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 31 வந்தது. எங்கள் ஊர்ப் படித் திருவிழா அன்று. புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்கு மாலையோடு போய் நின்றவர்களை முருகனிடம் திருப்ப வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஏற்படுத்தியது. படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டிகள் ஏறும். வருடம் தவறாமல் போகிறவன் நான். இந்த வருடம் வீட்டுத் துரைசாணி விடவில்லை. இருட்டும் நேரத்தில் கோஷ்டி நண்பர் போன் செய்தார். பின்னால் ஜால்ராச் சத்தம்.

“எங்கேப்பா இருக்கே?”

“நாப்பத்தி ஒண்ணுல.”

“இன்னும் நாப்பத்தி ஒண்ணாம் படியிலேயா? நாங்க இருநூறைத் தாண்டிட்டோம்! மூட்டு வலியா? மெதுவா வா, மேலே காத்திருக்கோம்.”

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

“தூக்குங்க” என்றாள்.