பலாமரத்தடி பஸ் ஸ்டாப்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தானாம். செம்மேட்டில் சிலை வைத்து, ஆண்டுதோறும் ஆடி 17, 18-இல் விழா எடுக்கிறோம். அவனுடைய வாரிசுகள் இன்று மழை, புயல் எச்சரிக்கை அறிவிப்பு எழுதும் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடல், ஆறு, மலை, மேடு, பள்ளம் ஐந்துக்கும் ஒரே அறிக்கைதான். ஓரியின் அம்பு பட்டது. இவர்களுடையது எதிலும் படாது.

"தாழ்வான பகுதியில் வசிப்போர் மேடான இடத்துக்குச் செல்லவும்." ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறோம் ஐயா, இன்னும் எங்கே ஏறுவது? "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." சத்தியமாகப் போகவில்லை. 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டிக் கடலைப் பார்ப்பதற்குள் புயலே கரையைக் கடந்துவிடும்.

ஒரு சித்திரை மாலை, சோளக்காட்டுக்கு அப்பால் ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நிறுத்தம் என்றால் ஒரு பலாமரம். கூரை கிடையாது, மரத்தில் ஆணியடித்த கட்சித் தகடு மட்டும் உண்டு. வானம் கறுத்து, கல்லை உருட்டுவதுபோல் இடி. சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டபடி பக்கத்தில் ஒரு ஆயா. என் கைபேசி கீச்சிட்டது.

"என்னத்தப் போட்டிருக்கு, தம்பி?"

"மரத்தடியில நிக்கக் கூடாதாம், ஆயா."

ஆயா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "அப்ப பஸ்சு எங்க நிக்குமாம்?"

அறிவிப்பு பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்து ஆள்மேல் தாவும், தரையிலும் பரவும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிகூட இல்லையென்றால் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ கதவடைத்த வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும்; கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. 'தாமினி' செயலி 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். ரொம்ப சரி. முதல் இடியிலேயே கரண்டும் டவரும் ஜோடியாகப் படுத்துவிட்டால் எந்தத் திரையில் பார்ப்பது? சாமைக்காட்டில் களை எடுப்பவள் எந்தக் கான்கிரீட்டுக்கு ஓடுவது?

மின்னல் மட்டுமல்ல, வெள்ளமும் அப்படித்தான். எங்கள் மலையின் ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அருவியாக விழும் ஐயாற்றின் மேற்பக்கம் மழை கொட்டினால், அருவியடியில் வெயில் காயும்போதே தண்ணீர் செந்நிறமாகும், இரைச்சல் மாறும். மலைக்காரர் அதைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார். செல்ஃபி எடுப்பவருக்கு அது நல்ல பின்னணி. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு வந்தது, குளிக்கத் தடை. அருவிக்கு மேலே ஒரு ஆள், கையில் ஒரு சங்கு. என்ன பெரிய செலவு? நம் நாட்டில் சங்கு ஊதுவதே எல்லாம் முடிந்த பிறகுதானே.

2022-இல் மட்டும் நாடு முழுவதும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எழுதி வைத்திருக்கிறது. குற்ற ஆவணத்தில்! பொருத்தமான இடம்தான்.

பேரிடரில் உயிர் போனால் நிவாரணம் 4 லட்சம். பலாமரத்துக்கு எதிரே இடிதாங்கியோடு நாலு சுவர் எழுப்பலாம் என்றால், அதற்குக் கோப்பு நகர வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், அளக்க ஆள் வர வேண்டும். சாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. காசோலையைச் சுமந்துகொண்டு ஜீப் 70 வளைவும் ஏறி வந்துவிடும். கதவடைத்து, கண்ணாடி ஏற்றிய ஜீப். இடி மின்னலின்போது இருக்க வேண்டிய இடம் அதுதானாம். அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.