கள்ளிக் காப்பியல்: தருமபுரி மாவட்டத் தொட்டிக் கள்ளிகளுக்கு நாய், பூனைகளால் நேரும் இடர்களும் தீர்வுகளும்

1. பொருள் வரையறை

தருமபுரி மாவட்டத்தில் கள்ளி இருவகைப்படும்: காவல் காப்பது, காவல் கேட்பது. முன்னது மானாவாரிக் காட்டோரங்களில் வேலியாக நிற்கும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும். ஆடு மாடு பயிரில் வாய் வைக்காமல் தடுப்பது இதன் தொழில்; கூலியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பின்னது நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, பீங்கான் தொட்டியில் வைத்து, வாசற்படியில் அமர்த்தப்படுவது. வேலியே பயிரை மேய்ந்த கதையை அறியாதவர் இல்லை. வேலியே பயிராகி, தனக்கொரு வேலி கேட்கும் நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலிக் கள்ளிகள் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் பால் வடியும். தொட்டிக் கள்ளிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த காக்டஸ் குடும்பத்தவை. கீறினால் பெரும்பாலும் நீரே கசியும். பூனை இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துவது அதற்கு நல்லது. திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

2. வரலாற்றுப் பின்னணி

தென்னிந்தியாவில் கள்ளியை உண்மையாக வென்ற உயிரினம் நாயும் அல்ல, பூனையும் அல்ல. சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி. சாயத்துக்காக 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்திரகோபப் பூச்சி என நம்பிக் கொண்டுவரப்பட்டது, உண்மையில் வேறோர் இனம். சாயம் தேறவில்லை, ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி மட்டும் அழிந்தது. நிலமெங்கும் பரவியிருந்த இன்னொரு வகையை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சி வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் தென்மாவட்டக் கள்ளிக்காடுகள் சரிந்தன. இதனோடு ஒப்பிட்டால் ஒரு பூனை ஓராண்டில் கவிழ்க்கும் தொட்டிகள் அற்பம்.

நாயின் பக்கம் நியாயம் சொல்ல வேண்டுமானால், அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. கோவிவன் என்னும் நாய் இரு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதை அது பதிவு செய்கிறது. நடுகற்களுக்குப் பெயர்பெற்ற தருமபுரிப் பகுதியில், கள்ளித் தொட்டியைக் காத்ததற்காக நாய்க்குக் கல் நட்டதாகச் செய்தி இல்லை.

3. குற்றமும் நோக்கமும்

பூனையின் குறி செடி அல்ல, மண். வீட்டுப் பூனை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. உலர்ந்த, பொலபொலப்பான மண்ணைத் தோண்டி மலங்கழித்து மூடுவது அதன் குலவழக்கம். கள்ளிக்குத் தண்ணீர் தேங்கக் கூடாதென்று மணலும் செங்கல் பொடியும் கலந்து தொட்டி நிரப்பப்படுகிறது. அதாவது, வீட்டுக்காரர் தம்மையறியாமல் பூனைக்குக் கழிப்பறை கட்டி, நடுவில் அலங்காரத்துக்கு ஒரு செடியும் நட்டுவைக்கிறார். அடுத்த மனையில் வீடு கட்டி முடியும்வரை எம்-சாண்ட் குவியல் பூனையை ஈர்த்துக்கொள்ளும். கிரகப்பிரவேசம் முடிந்ததும் தொட்டிகளுக்குக் கெட்ட காலம் தொடங்கும்.

செடியிலுள்ள முள்ளே பூனையைத் தடுத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. அரிசோனாப் பாலைவனத்தில் பாப்கேட் என்னும் காட்டுப்பூனை ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய சகுவாரோக் கள்ளியின் உச்சியில் ஏறி அமர்வதுண்டு.

நாயின் குறி மண்ணும் அல்ல, செடியும் அல்ல. தொட்டி நிற்கும் இடம். கேட்டின் மூலையில் நிமிர்ந்து நிற்கும் எதுவும் ஆண் நாய்க்கு அறிவிப்புப் பலகை. ஒரு நாய் எழுதியதற்கு அடுத்த நாய் மறுமொழி எழுதும். சிறுநீரிலுள்ள யூரியாவும் உப்புகளும் மண்ணில் சேர்ந்து வேரைக் கருக்கும். தெருநாய்களைக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டபின், பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதி. ஆகவே, எழுதியவரே திரும்பி வந்து தொடர்வார்.

4. தடுப்பு முறைகள்

(அ) நீலத் தண்ணீர்: சொட்டுநீலம் கலந்த தண்ணீர் பாட்டிலை வாசலில் வைத்தால் நாய் அண்டாது என்பது தமிழகமெங்கும் காணப்படும் கோட்பாடு. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்கு தெரியும்; சிவப்புதான் தெளிவாகத் தெரியாது. எனவே நாய் பாட்டிலைப் பார்க்கிறது என்பதில் ஐயமில்லை. பார்ப்பதும் பயப்படுவதும் வேறு வேறு. பாட்டிலையே நனைத்துவிட்டுப் போகும் நாய்களும் உண்டு.

(ஆ) வாசனைப் பொருள்கள்: எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் பூனைக்குப் பிடிக்காது, ஆனால் தருமபுரி வெயிலில் தோல் சருகானதும் வாசனை போய்விடும். பாச்சை உருண்டை இரு விலங்குகளுக்கும் நஞ்சு. காபிச் சக்கை நாய்க்கு நஞ்சு. மிளகாய்த்தூள் விலங்கின் கண்ணையும் மூக்கையும் வதைக்கும். காற்று திரும்பினால் தூவியவரையும் விடாது. கடைசி மூன்றும் விலக்கத்தக்கவை.

(இ) முள்: தொட்டி மண்மீது சீமைக்கருவேல முள்ளைப் பரப்புவது. முள்செடியைக் காக்க முள் வாங்கும் இம்முறை பலன் தருவது உண்மை. தண்ணீர் ஊற்றும் கைதான் முதலில் உணரும்.

(ஈ) கல்: முறைகளில் தலையாயது. மண் தெரியாதபடி பேபி ஜல்லியோ கூழாங்கல்லோ பரப்பினால் பூனையால் தோண்ட முடியாது. செடியின் கழுத்தில் ஈரம் தங்காததால் அழுகலும் குறையும். கருங்கல்லுக்குப் பெயர்போன மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தரையில் நட்ட கள்ளிக்கு, கோழிவலையை மண்மட்டத்தில் விரித்து, மேலே கல் பரப்பலாம்.

(உ) மாற்றிடம்: கொல்லை மூலையில் ஒரு பழைய பாண்டு நிறைய மணல். பூனைக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் கள்ளிமேல் அதற்குத் தனிப் பகை ஏதுமில்லை.

(ஊ) உயரம்: தொட்டியை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினால் நாயிடமிருந்து தப்பும். பூனைக்கு இது அழைப்பிதழ். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் வைப்பது கூடவே கூடாது.

5. சேதத்துக்குப் பின்

நாய் நனைத்த தொட்டியின் உப்பை வெளியேற்ற நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நிறையத் தண்ணீர் கள்ளிக்கு ஆகாது. அடியில் துளையுள்ள தொட்டியில் ஒருமுறை தாராளமாக ஊற்றி வடியவிட்டு, முழுதும் காயும்வரை தொடாமல் விடுவதே சமரசம். ஒடிந்த தண்டின் வெட்டுவாயை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணற்கலவையில் நட்டால் வேர்பிடிக்கும்.

சிவப்புத் தலையுடன் விற்கப்படும் மூன் காக்டஸ் தனிக்கவனம் கோருவது. பச்சையமில்லாத அதன் தலை, ஒட்டுக்கட்டிய பச்சை அடித்தண்டின் உழைப்பில் பிழைப்பது. பூனை தட்டித் தலை விழுந்தால் மண்ணில் நட்டுப் பயனில்லை. உடனே இரு முகங்களையும் சமமாகச் சீவி, ரப்பர் பேண்டு போட்டு மீண்டும் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டாலும் அடித்தண்டு கவலையின்றித் தன்போக்கில் துளிர்க்கும்.

மேற்கண்டவற்றில் கல்லும் வலையும் கோழிக்கும் பொருந்தும். ஆடு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. முள்ளில்லாக் கள்ளி கிடைத்தால் ஆடு சேதப்படுத்துவதில்லை, தின்று முடித்துவிடுகிறது.