சுவரில் தொங்கும் டைம்டேபிள்

கேள்வி: ஒவ்வொரு செமஸ்டரும் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டுகிறேன். ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. நேரத்தைத் திட்டமிட்டால் உண்மையிலேயே மார்க் கூடுமா?
(கல்லூரி மாணவர், கோவளம்)

பதில்: கூடும். சுவருக்கு அல்ல, உங்களுக்கு!

அமெரிக்காவில் பிரிட்டன், டெஸ்ஸர் என்ற இரு உளவியலாளர்கள் 90 மாணவர்களிடம் முதலாண்டில் அவர்களுடைய நேரப் பழக்கங்களை விசாரித்துவிட்டு, நான்கு ஆண்டு கழித்து மார்க்கைப் பார்த்தார்கள். 1991-இல் முடிவு வந்தது. இன்றைக்கு என்ன, இந்த வாரம் என்ன என்று திட்டமிட்டவர்களும், 'என் நேரம் என் கையில்' என்று நினைத்தவர்களும் முன்னால் நின்றார்கள். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைவிட இதுவே சரியாக ஆரூடம் சொன்னது. நெடுங்காலத் திட்டம்? அதற்கும் மார்க்குக்கும் பெரிய சம்பந்தமில்லை. உங்கள் சுவரைக் கேட்டாலே சொல்லும்.

நேரக் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. நண்பரோடு மதியச் சாப்பாடு என்றால் எத்தனை நிமிடம் பிந்தினால் 'லேட்' என்று ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் கேட்டார். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ மாணவர்கள் சராசரியாக 19 நிமிடம் என்றார்கள். பிரேசில் மாணவர்கள் 33-க்கும் மேல். நம்மவர்களைக் கேட்டிருந்தால், 'மச்சி, கேளம்பாக்கம் தாண்டிட்டேன்' என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்திருக்கும்.

தாம்பரம் பக்கம் கல்லூரி என்றால், பஸ்ஸை நம்பிப் படிப்பைத் திட்டமிடாதீர்கள். வண்டலூர் சாலை நெரிசல் எந்த அட்டவணைக்கும் கட்டுப்படாது. இரவு படுக்குமுன் மறுநாளைக்கு மூன்றே வேலை எழுதுங்கள். கோவளம் கடலில் சர்ஃபிங் நான்காவதாக இருக்கட்டும்.