டிசம்பரில் பிரளயம், ஜனவரியில் எதார்த்தம்

நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் பருவநிலைக் கொள்கைக்கு இரண்டே பருவம். டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்று பேட்டி கொடுக்கும்போது, "இது வரலாறு காணாத மழை, பருவநிலை மாற்றத்தின் கோரத் தாண்டவம், மனித சக்தியால் என்ன செய்துவிட முடியும்?" என்று யுகமுடிவையே அறிவித்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்து, வேட்டி காய்ந்து, ஜனவரி பிறந்ததும் அதே வாய் வேறு சுருதியில் பேசும். "கொஞ்சம் எதார்த்தமாக யோசிக்க வேண்டாமா? சதுப்பு நிலத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் பிள்ளைகளுக்கு வேலை எங்கிருந்து வரும்?"

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் எண்ணூறு பேரோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நின்றது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது டெல்லி. எச்சரித்த அளவு வேறு, பெய்த அளவு வேறு என்றது சென்னை. தாமிரபரணிக் கரையில் வீடிழந்தவன் இந்தப் பட்டிமன்றத்துக்குப் பார்வையாளன். சரியாக மூன்றே வாரத்தில், 2024 ஜனவரி 7, 8 தேதிகளில், அடையாறு ஓடும் நந்தம்பாக்கத்தில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு. 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். வரட்டும், தொழில் வந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் மூன்று வாரத்துக்கு முன் உலகமே அழியப்போகிறது என்றீர்களே ஐயா, அந்த அழிவு எந்த விடுதியில் அறை எடுத்துத் தங்கிவிட்டது?

இந்த வித்தையை நம்மவர்கள் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. உலகச் சந்தையில் கிடைக்கும் சரக்குதான். அங்கே இரண்டு கட்சி: பிரளயக் கட்சி, எதார்த்தக் கட்சி.

பிரளயக் கட்சிக்குத் தேதி வேண்டும். 2018-ல் ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியின் அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2010 அளவிலிருந்து 2030-க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தைச் சுமார் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. கணக்குப் போட்டுச் சொன்ன விஷயம். பிரளயக் கட்சி அதை "இன்னும் பன்னிரண்டே வருஷம்தான்" என்று மாயன் காலண்டராக மாற்றிவிட்டது. 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும் என்று காத்திருந்து, மறுநாள் காலை பல் துலக்கியவர்கள் நாம். 2031 ஜனவரியிலும் பல் துலக்குவோம். அன்றைக்கு எதார்த்தக் கட்சிக்காரர் காபியோடு வந்து உட்கார்ந்து, "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்பார். அந்த நாற்காலியை இன்றைக்கே துடைத்துப் போட்டுவைக்கிறது பிரளயக் கட்சி.

வெப்ப உயர்வு என்ன, பாஸ்-ஃபெயில் பரீட்சையா? 1.5-ல் தேறாவிட்டால் விடைத்தாளைக் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு? 1.6 என்பது 1.7-ஐவிடக் குறைவான சாவு. பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன் இந்த நூற்றாண்டின் இறுதிக்கு நான்கு டிகிரி வரை போகும் என்று அஞ்சினார்கள். இன்று நடப்பில் இருக்கும் கொள்கைகளோடு போனால் சுமார் மூன்று என்கிறார்கள். மூன்றும் நரகம்தான். ஆனால் நரகத்தில் ஒரு டிகிரி குறைவது சும்மா நடக்கவில்லை. சட்டம் போட்டு, சண்டை போட்டு, சூரியத் தகட்டின் விலையைப் பத்தில் ஒரு பங்காக்கி நடந்தது. "எல்லாம் போச்சு" என்று கையை விரிப்பவருக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. கையை விரித்தவன் எதையும் தூக்க வேண்டாம் அல்லவா?

எதார்த்தக் கட்சியின் பூர்வீகம் இன்னும் சுவாரசியம். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970-களின் இறுதியிலிருந்தே பூமி எவ்வளவு சூடாகும் என்று கணித்திருந்தார்கள். கணிப்பு எவ்வளவு துல்லியம் என்பதை 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் வெளியே அந்த நிறுவனம் பேசியது, "இன்னும் நிச்சயமில்லை" என்ற நிதானமான எதார்த்தம்! அன்றிலிருந்து இந்தக் கட்சியின் கொள்கை விளக்கம் படிப்படியாக வளர்ந்திருக்கிறது. முதலில், சூடாகவே இல்லை. பிறகு, சூடாகிறது, ஆனால் மனிதன் காரணமில்லை. பிறகு, மனிதன்தான், ஆனால் தடுக்கச் செலவு கட்டுபடியாகாது. கடைசியாக, இனிமேல் தடுக்க நேரமில்லை. கவனித்தீர்களா? கடைசிப் படியில் ஏறியவர் கால் வைப்பது பிரளயக் கட்சி மேடையில். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் இடம் அது.

நம் ஊர் எதார்த்தவாதி கையில் இன்னொரு கேடயம் உண்டு. இந்தியனின் தலைக்குச் சராசரி கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன், அமெரிக்கனுக்குப் பதினான்கு. நாம் ஏன் குறைக்க வேண்டும்? நியாயமான கேள்வி. சர்வதேச மாநாட்டில் மேசையைத் தட்டிக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பகிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை நட்டது எந்த அமெரிக்கன்? ஐயாயிரம் ஹெக்டேருக்குமேல் பரந்திருந்த பள்ளிக்கரணை சதுப்பில் குப்பையைக் கொட்டி, கட்டடங்களை எழுப்பி, மிச்சமிருந்த துண்டுக்கு 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் பட்டம் வாங்கிக் கொடுத்தது யார்? கையைக் காலை வெட்டிவிட்டுப் பொன்னாடை போர்த்துவது நமக்குக் கைவந்த கலை. ஏரிகளும் வயல்களும் நிறைந்த பரந்தூரைப் பார்த்து "விமான நிலையத்துக்கு அம்சமான இடம்" என்று விரல் நீட்டியது வாஷிங்டனா?

அந்த இரண்டு டன் சராசரிக்குள் ஒளிந்திருப்பது யார் என்றும் பார்த்துவிடுவோம். மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தை மூடியது. அதை அள்ளியது யார்? மீனவர்கள். பிளாஸ்டிக் குவளையாலும் பக்கெட்டாலும், பலர் கையுறைகூட இல்லாமல், முழங்கை வரை கருப்பு ஒழுக மோந்து மோந்து பீப்பாயில் ஊற்றினார்கள். படகெல்லாம் தார் பூசியதுபோல் ஆயிற்று, வலை வீணாயிற்று. அந்த மீனவரின் பங்கு எவ்வளவு டன்? அவருடைய வறுமையைக் காட்டித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பங்களாவின் ஆறு ஏசிக்கும் எதார்த்தவாதி சலுகை கேட்கிறார்.

உண்மையான எதார்த்தம் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், ஒடிசாவுக்கு ரயில் இருக்கிறது. 1999 பெரும்புயலில் அங்கே ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. யாரும் அங்கே யுகமுடிவு என்று ஊளையிடவில்லை, பொருளாதாரம் கெடும் என்று கணக்கும் பேசவில்லை. புயல் காப்பகம் கட்டினார்கள். ஊருக்கு ஊர் ஆளைப் பழக்கினார்கள். வர மறுத்த கிழவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அகமதாபாத் 2010 வெயிலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிரைப் பறிகொடுத்து, 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. இதிலெல்லாம் தொலைக்காட்சிக்குத் தீனி இல்லை. சாகாமல் போனவனை யார் பேட்டி எடுப்பார்கள்?

நம்மிடமும் காகிதத்துக்குக் குறைவில்லை. 2015 வெள்ளம் மனிதர்கள் உருவாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறையே எழுதிவைத்தது. 2021 வெள்ளத்துக்குப் பின், வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த திருப்புகழ் குழு 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை கொடுத்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் வந்து முழங்கால் தண்ணீரில் அதைச் சரிபார்த்துவிட்டுப் போனது.

ஆகவே அடுத்த டிசம்பரில் ஒருவர் தண்ணீரில் நின்று "வரலாறு காணாத" என்று தொடங்கினால், மைக்கை அவர் பக்கமே பிடித்துக்கொண்டு கேளுங்கள்: போன ஜனவரியில் எந்த ஏரிக்குள் எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள்? எந்த ஆக்கிரமிப்பை எடுத்தீர்கள், குடிசையையா, கோபுரத்தையா? குழுவின் எந்தப் பரிந்துரையை நிறைவேற்றினீர்கள்? பதில் வராவிட்டால் அவர் பிரளயக் கட்சியா, எதார்த்தக் கட்சியா என்று குழம்ப வேண்டாம். அவர் ரியல் எஸ்டேட் கட்சி.