மாப்பிள்ளை கேட்ட மரம்

(இடம்: முகையூர். மாமனார் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சவுக்கு போட்டிருக்கிறார். மருமகனுக்கு பெங்களூரில் கணினி வேலை. விழுப்புரம் ரோட்டோரம் மனை வாங்கி, வீட்டுக்கு நிலை வைக்கும் முன்பே வேலிக்கு மரம் தேடுகிறார்.)

மருமகன்: மூணே கண்டிஷன் மாமா. வருஷம் பூரா பச்சையா இருக்கணும். ஊசியிலை மரமா இருக்கணும். முக்கியமா, நேட்டிவ்வா இருக்கணும்.

மாமனார்: பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்ளோ கேக்கலையே மாப்பிள்ளை. எதை மறைக்கணும்?

மருமகன்: பக்கத்து வீட்டு மாடியை. மல்லாட்டை காயப்போட வந்தா நேரா எங்க வராண்டாவைத்தான் பாப்பாங்க.

மாமனார்: மல்லாட்டை காயப்போடறவன் காக்காயைப் பாப்பானா, உங்களைப் பாப்பானா? சரி, சவுக்கு நடுங்க. நெருக்கமா வச்சு நுனியை வெட்டி விட்டா சுவர் மாதிரி நிக்கும்.

மருமகன்: அதுவும் ஊசியிலைதானே!

மாமனார்: (ஒரு இணுக்கைக் கிள்ளி நீட்டுகிறார்) இது இலை இல்ல, குச்சி. கணுவைச் சுத்தி பொடிப்பொடியா பல்லு தெரியுது பாருங்க, அதான் இலை. கணுவுல பிட்டு, திரும்பச் சொருகி, "எங்க பிட்டேன் சொல்லு"ன்னு பசங்க விளையாடுமே. காயும் பைன் காய் மாதிரி வேஷம் கட்டும். ஆனா இது பூக்கிற மரம். ஊர்க்காரனும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல ரயில் எஞ்சினுக்கு விறகு வேணும்னு கடற்கரையெல்லாம் நட்டது. உங்க மூணு பேப்பர்ல ஒண்ணுலதான் பாஸ்.

மருமகன்: நர்சரியில துஜா கோபுரம் மாதிரி அழகா நிக்குதே?

மாமனார்: அது சீனாக்காரன். பெங்களூர் குளிருக்குச் சிரிக்கும். இங்க கத்திரி வெயில்ல ஓரம் கருகும், அடைமழையில தண்ணி நின்னா வேர் அழுகும். 2024 ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் பெஞ்சுதே, மறந்துட்டீங்களா?

மருமகன்: தமிழ்நாட்டுக்குன்னு சொந்தமா ஒண்ணுகூட இல்லையா?

மாமனார்: தென்னிந்தியாவுக்கே ஒண்ணுதான். நாகேயா வாலிச்சியானா. அகத்தியமலைப் பக்கம் மழைக்காட்டுல இருக்கு. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி.

மருமகன்: சூப்பர்! ஊசி எவ்ளோ நீளம்?

மாமனார்: ஊசியே கிடையாது. அகல இலை. நடுநரம்புகூட இருக்காது.

மருமகன்: ஊசியிலை மரத்துக்கு ஊசி இல்லையா?

மாமனார்: ஊசி வச்சிருக்கிற சவுக்கு அந்தக் குடும்பம் இல்ல, அந்தக் குடும்பத்துக்காரன்கிட்ட ஊசி இல்ல. நான் என்ன பண்ண?

மருமகன்: நம்ம மாவட்டத்துல ஏதாவது தேறுமா மாமா?

மாமனார்: இருக்கே, திருவக்கரையில. வக்ரகாளியம்மனுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி போறீங்களே, அந்த ஊர்தான். சுமார் 2 கோடி வருஷமாப் படுத்திருக்கு.

மருமகன்: படுத்தா?

மாமனார்: கல்லாயிடுச்சு. மண்ணு மூடி, மரத்துக்குள்ள சிலிக்கா ஏறி, அப்படியே பாறை. ரம்பத்துல அறுத்துப் போட்ட அடிமரம் மாதிரியே கிடக்கும். புவியியல் ஆய்வுத் துறை 1940லயே பூங்காவா ஆக்கிட்டாங்க. அதுல மெசம்பிரியாக்சிலான்னு ஒண்ணு, மலையில இருக்கிற நாகேயாவுக்குப் பங்காளி. ஊசியிலைக் குடும்பமா? ஆமா. ஊர்க்காரனா? சந்தேகமே இல்ல. பச்சை மட்டும் கொஞ்சம் கம்மி.

மருமகன்: (யோசித்து) தண்ணி ஊத்தற வேலையும் இல்ல... நாலு துண்டு கிடைக்குமா?

மாமனார்: அதைச் சுத்தி அரசாங்கமே வேலி போட்டு வச்சிருக்கு மாப்பிள்ளை. நீங்க அதை வச்சு வேலி போடறீங்களா? பேசாம கிளுவைப் போத்து நடுங்க. காசில்லாம நானே வெட்டித் தரேன். முள்ளும் உண்டு, ஆடு தாண்டாது.

மருமகன்: கிளுவை கோடையில இலை கொட்டிடுமே! அவங்க எல்லாத்தையும் பாப்பாங்களே!

மாமனார்: பங்குனி சித்திரையில நீங்க என்னைக்கு மாப்பிள்ளை இந்த ஊர்ல இருந்திருக்கீங்க?